முறம் தெரியும், வின்னோயிங் தெரியாது: குடியாத்தம் பக்கத்து ஆங்கிலவழி வகுப்பு ஒன்று – நிகழ்வு ஆய்வு

இது 2023-24 கல்வியாண்டில், குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் இடையில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், ஆறாம் வகுப்பு ஆங்கிலவழிப் பிரிவில் நடந்தது. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநராக அந்தப் பள்ளிக்கு நான் போய் வந்துகொண்டிருந்தேன். பள்ளியின் பெயரும் ஆசிரியர், பிள்ளைகள் பெயரும் இதில் வராது. மூன்று பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருப்பதால் அவர்களை ந, க, ஷ என்று எழுத்தால் மட்டும் குறிக்கிறேன்.

முதல் பருவத் தேர்வு முடிந்திருந்தது. பருவம் என்று அரசு சொன்னாலும் ஆசிரியர்கள் வாயில் அது இன்னும் காலாண்டுதான். அறிவியல் ஆசிரியை விடைத்தாள் கட்டை மேசைமேல் போட்டு, "சார், நீங்களே பாருங்க. கேள்வியையே திருப்பி எழுதி வெச்சிருக்குதுங்க" என்றார். பல தாள்களில் விடை இருக்க வேண்டிய இடத்தில் கேள்வியே முத்து முத்தான கையெழுத்தில் மறுபடி எழுதப்பட்டிருந்தது, கேள்விக்குறி உட்பட. பக்கத்தில் இருந்த ஆங்கில ஆசிரியர், "பேஸிக்கே இல்ல சார்" என்று முடித்துவிட்டார். ஆசிரியைக்கு அது போதவில்லை. தான் நடத்திய அறிவியலே பிள்ளைகளுக்கு ஏறவில்லையோ என்பது அவர் கவலை.

பிள்ளைகளுக்கு எது வரவில்லை, அறிவியலா ஆங்கிலமா? ஆங்கிலம் என்றால் அதில் எது? இந்த ஆய்வு இதைத் தேடிப் போனதுதான்.

இந்த வகுப்புக்கு யார் வருகிறார்கள்

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு 1911 வரை சித்தூர்தான் தலைநகரம். அதற்குப் பிறகுதான் வேலூர். 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரித்தபோது குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரோடு நின்றன. கோடு எங்கே போட்டாலும் ஆந்திர எல்லையை ஒட்டிய இந்த ஊர்களில் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ் என்று வாழும் குடும்பங்கள் ஏராளம். தோல் மண்டி இருக்கிற ஊர்களில் உருது பேசும் வீடுகள். ஆக வகுப்பில் மூன்று வீட்டு மொழிகள் உட்கார்ந்திருந்தன. பாடப்புத்தகம் நான்காவது மொழியில். வருகைப் பதிவேட்டில் இதற்கு இடமில்லை.

பெற்றோரில் பீடி சுற்றுபவர்கள், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள், கைலி நெய்கிறவர்கள், தோல் தொழிற்சாலையில் இருப்பவர்கள் எல்லாரும் உண்டு. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு விடியற்காலை பஸ் ஏறிப் போகும் அம்மாக்களும் இருந்தார்கள். ஆங்கிலவழிப் பிரிவில் ஏன் சேர்த்தீர்கள் என்று அவர்களைக் கேட்கத் தேவையில்லை. கம்பெனியில் ஆர்டர் தாள் ஆங்கிலத்தில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ரிப்போர்ட் ஆங்கிலத்தில். காசில்லாமல் அந்த ஆங்கிலம் கிடைக்கிற இடம் அரசுப் பள்ளிதான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டது 2012-13க்குப் பிறகு.

வகுப்பில் பெரும்பாலோர் ஐந்தாம் வகுப்பு வரை பக்கத்து ஒன்றியப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். ஆறாம் வகுப்பில் ஒரே தாவாக ஆங்கிலவழிக்கு வந்திருக்கிறார்கள். சிலர் சின்ன நர்சரிப் பள்ளிகளில் படித்து, கொரோனாவுக்குப் பிறகு ஃபீஸ் கட்ட முடியாமல் இங்கே வந்தவர்கள்.

கொரோனாவைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, கணக்கே இருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இவர்கள் இரண்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு முழுக்க வீட்டில். ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. அப்போது நான்காம் வகுப்பில் பாதி ஓடிப்போயிருந்தது. 2022இல், அடிப்படை எழுத்தையும் எண்ணையும் உறுதிப்படுத்தும் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தபோது இவர்கள் ஐந்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டு அது நான்கு, ஐந்துக்கு நீண்டபோது இவர்கள் ஆறுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் திட்டம் இவர்களுக்குக் கீழேயே வந்து நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கம் உறுதிப்படுகிற வயதில் இவர்கள் வகுப்பறையிலேயே இல்லை. 'பேஸிக் இல்ல' என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பின் பெஞ்சிலிருந்து பார்த்தது

ஆசிரியை நன்றாகத் தயாரித்து வருகிறவர். புத்தகத்தில் ஒரு வரியை ஆங்கிலத்தில் படிப்பார், "அதாவது..." என்று தமிழில் விளக்குவார், அடுத்த வரிக்குப் போவார். வரியின் கடைசிச் சொல்லைப் பாதியில் இழுத்து நிறுத்துவார்: "இட் இஸ் கால்ட் ஃபில்...?" மொத்த வகுப்பும் "...ட்ரேஷன்!" என்று கூரை அதிரக் கத்தும். வராந்தாவில் போகிற தலைமையாசிரியருக்கு, வகுப்பு ஜோராக நடக்கிறது என்று தோன்றும். பாடம் முடிந்ததும் புக்-பேக் கேள்விகளுக்கு விடை குறிப்பார்கள். "மூணாவது கேள்வி. பக்கத்தத் திருப்பு. இங்கேர்ந்து இதுவரைக்கும் ப்ராக்கெட் போடு." பிள்ளைகள் பென்சிலால் அடைப்புப் போட்டுக்கொண்டு, வீட்டில் போய் அந்த அடைப்புக்குள் இருப்பதை மனப்பாடம் செய்ய வேண்டும்.

இதற்காக ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் படித்து வந்தோம். ஆனால் நமக்கு அடைப்புக்குள் இருந்தது தமிழ்.

இந்தக் கூட்டுக் குரலில் ஒரு பிள்ளைகூட முழு ஆங்கில வாக்கியம் ஒன்றைத் தானாகச் சொல்லவில்லை. அரை வார்த்தையை முடித்துக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. புத்தகங்களை வாங்கிப் பார்த்தால் ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் பொடிப் பொடியாகத் தமிழ் எழுத்து. 'செடிமென்டேஷன்', 'மேக்னடிக்'. ஆங்கில ஆசிரியர் இதைக் கண்டால் ரப்பரைக் கொடுத்து அழிக்கச் சொல்வார்.

ஏற்கெனவே நடத்தி முடித்த பாடத்தையே சோதனைக்கு எடுத்துக்கொண்டோம். பொருட்களைப் பிரித்தெடுக்கும் முறைகள்: கையால் பொறுக்குவது, சலிப்பது, முறத்தில் புடைப்பது (புத்தகத்தில் வின்னோயிங்), தெளிய வைத்து இறுப்பது, வடிகட்டுவது, கடைவது, காந்தத்தால் பிரிப்பது. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டோம். முதலில் தாளில் ஆங்கிலத்தில், எழுதி விடை சொல்ல வேண்டும். அடுத்து பொருட்களை மேசையில் வைத்து அதே ஆங்கிலக் கேள்வியை வாய்விட்டுப் படித்துக் காட்டினோம். கடைசியாகத் தமிழில் கேட்டு, எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றோம்.

ந வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். அம்மா பீடி சுற்றுகிறார். தாளில் அவள் ஒன்றும் எழுதவில்லை, வழக்கம்போலக் கேள்வியை மட்டும் பார்த்து எழுதினாள். மேசையில் முறத்தையும் தவிடு கலந்த அரிசியையும் வைத்து ஆங்கிலத்தில் கேட்டபோது கை தானாக முறத்துக்குப் போனது. தமிழில் கேட்டதும் கொட்டிவிட்டாள்: "இது எங்கம்மா தெனம் பண்றதுதான் சார். மொறத்துல போட்டு பொடச்சா தவுடு பறந்துகினு போவும். வெயிட்டா கீறது நின்னுடும்." எடை குறைவானது காற்றில் போகும், கனமானது தங்கும் என்ற தத்துவம் அதில் முழுசாக இருக்கிறது. ஆங்கிலத் தாளில் அவளுடைய மதிப்பெண் சுழி.

க நர்சரிப் பள்ளியிலிருந்து வந்தவன். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் தடங்கலில்லாமல் வாசிப்பான். வகுப்பில் 'நல்லா படிக்கிற பையன்' அவன்தான். பாடத்தை வாசிக்க அவனைத்தான் எழுப்புவார்கள். வாசித்து முடித்ததும், இந்த வரியில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் கேட்டால் விழித்தான். அவன் தாளில் அடைப்புக்குள் இருந்த விடை அப்படியே இருந்தது, ஆனால் வேறு கேள்விக்கு.

ஷ வீட்டில் உருது, தெருவில் தமிழ். ஆங்கிலத்தில் கேட்டதைப் பெருமளவு புரிந்துகொண்டாள் என்பது மேசையில் பொருட்களை வைத்தபோது தெரிந்தது. சொன்னதையெல்லாம் சரியாக எடுத்துக் காட்டினாள். வாய் மட்டும் திறக்கவில்லை. தாளில் ஒற்றைச் சொற்கள்தான் எழுதியிருந்தாள். அவையும் சரியான சொற்கள்.

ஒருத்திக்கு எழுத்தைக் கூட்டிப் படிப்பதே முட்டுக்கட்டை. இன்னொருவன் படிக்கிறான், பொருள் ஏறவில்லை. மூன்றாமவளுக்குப் பொருள் ஏறுகிறது, வாக்கியமாக வெளியே வரவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து ஆசிரியர் அறையில் இருந்த பெயர் 'பேஸிக் இல்ல'. மூவருக்கும் கொடுத்த மருந்தும் ஒன்றே: ஒவ்வொரு கேள்வி பதிலையும் ஐந்து முறை எழுதி வா.

வெளியூர்ப் பாடம் எவ்வளவு பொருந்தும்

ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கு வகுப்பறையில் எப்படி உதவுவது என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறைய வேலை நடந்திருக்கிறது. அங்கிருந்து இரண்டை எடுத்துக்கொண்டோம். 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில், சான் பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. ஆங்கிலம் புரியாத பிள்ளைக்கும் எல்லாரையும் போல அதே புத்தகம், அதே ஆசிரியர், அதே பாடத்திட்டம் கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாக ஆகாது. நம் ஆங்கிலவழிப் பிரிவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் வைத்த வேறுபாடு. விளையாட்டிலும் பேச்சிலும் வரும் மொழி வேறு, பாடப்புத்தகமும் தேர்வும் கேட்கும் மொழி வேறு. முதலாவது சீக்கிரம் வந்துவிடும், இரண்டாவதுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். சரிதான். ஆனால் அவர் பார்த்த பிள்ளைக்குத் தெருவெல்லாம் ஆங்கிலம். குடியாத்தம் பிள்ளைக்குக் கடைப் பலகையும் பிஸ்கட் பாக்கெட்டும்தான். விளையாட்டு ஆங்கிலமே இல்லாமல் நேரே பாட ஆங்கிலத்துக்குள் இறக்கிவிடுகிறோம். அதனால் 'ஆங்கிலச் சூழலில் மூழ்கவிடுங்கள், தானாக வரும்' என்ற அறிவுரை இங்கே செல்லாது. மூழ்குவதற்கு முதலில் ஆறு வேண்டும். பாலாற்றில் தண்ணீர் எப்போது வருகிறது என்பது நமக்குத் தெரியும்.

தேவை இருக்கும் இடத்தில் மொழி எப்படி வருகிறது என்பதற்கு வேலூரிலேயே சாட்சி உண்டு. சி.எம்.சி.க்கு எதிரே காந்தி ரோட்டுப் பக்கம் போனால், பள்ளிப் படிப்பை முடிக்காத லாட்ஜ் பையனும் பெங்காலி பேசுவான், இந்தி பேசுவான். கொல்கத்தாவிலிருந்து வரும் நோயாளிக் குடும்பத்துக்கு அறை காட்ட வேண்டும், வாடகை சொல்ல வேண்டும். யாரும் அவனுக்கு வினைத்திரிபு நடத்தவில்லை.

அறிவியல் வகுப்பில் மாற்றியது

முதலில் வரிசையை மாற்றினோம். புத்தகம் கடைசியில், பொருள் முதலில். இரண்டாம் பருவத்துக்குள் நுழைவதற்கு முன் பிரித்தெடுத்தல் பாடத்தையே மறுபடி எடுத்தோம். முறம், ஜல்லடை, டீ வடிகட்டி, உப்பு கலந்த மணல், இரும்புத் தூள், கலங்கல் தண்ணீர். நான்கைந்து பேர் கொண்ட குழுக்கள். எப்படிப் பிரிப்பது, ஏன் அப்படி என்று வீட்டு மொழியில் பேசி முடிவு செய்யட்டும். தெலுங்குக் குழு ஒன்றில் 'ஜல்லெட' என்று ஆரம்பித்து அவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை: உப்பை ஜல்லடையில் சலித்தால் மணலும் கூட விழும், தண்ணீரில்தான் கரைக்க வேண்டும் என்று. தோல் தொழிற்சாலைக்காரர் பையன் ஒருவன், தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பதையும் ஊறப்போடுவதற்கு முன் அந்த உப்பைத் தட்டி எடுப்பதையும் பற்றி ஆசிரியைக்கே பாடம் நடத்தினான். புத்தகத்தில் அது இல்லை. வகுப்பு அவ்வளவு சத்தமாக இருந்ததில்லை என்றார் ஆசிரியை. இதுவரை இருந்த சத்தம் வேறு வகை.

பேசி முடித்த பிறகு கரும்பலகையில் ஒரு சட்டகம்: 'வீ கேன் செப்பரேட் ___ ஃப்ரம் ___ பை ___.' மூன்று கோடிட்ட இடம். பக்கத்தில் அன்றைக்குத் தேவையான சொற்கள் மட்டும், ஒவ்வொன்றின் கீழும் படம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாக்கியமாவது சொல்லியே ஆக வேண்டும். அது ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், இதில் சலுகை கிடையாது. அடுத்த சுற்றில் 'பிகாஸ்' சேர்த்தோம். அங்கேதான் ந திணறினாள், அங்கேதான் அவளுக்குப் பிடியும் கிடைத்தது. "பிகாஸ் ஹஸ்க் இஸ் லைட்" என்று நான்கு சொல் சொல்லிவிட்டு ஆசிரியை முகத்தைப் பார்த்தாள். ஆசிரியை அதைத் திருத்தவில்லை, திருப்பிச் சொன்னார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

யோசனை எந்த மொழியில் வேண்டுமானாலும் நடக்கலாம், கடைசியில் கையில் தருவது ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் சாரம் இவ்வளவுதான். பழைய முறையில் இது தலைகீழாக இருந்தது. தமிழில் விளக்கியது ஆசிரியை, பிள்ளை ஆங்கிலத்தில் தர வேண்டியது அரை வார்த்தை.

பென்சில் தமிழை என்ன செய்வது என்று ஆங்கில ஆசிரியருக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தமிழில் 'பெட்' என்று எழுதினால் கட்டிலில் விரிப்பதும் பந்தயமும் வளர்ப்பு நாயும் ஒரே மாதிரி எழுதப்படும். ஒலிப்பு பேதத்தைக் காட்ட நம் எழுத்தில் வழியில்லை. தமிழ் எழுத்தையே பார்த்துப் படிக்கும் பிள்ளை ஆங்கில எழுத்தைப் பார்ப்பதே இல்லை. ஆனால் ரப்பர் கொடுத்து அழிக்கச் சொன்னால், இருந்த ஒரே கைப்பிடியும் போய்விடும். கடைசியில் ஒரு சமரசம்: முழுச் சொல்லுக்கு மேல் எழுதக்கூடாது, உச்சரிப்பு ஏமாற்றுகிற இடத்துக்கு மேல் மட்டும் எழுதலாம். 'ஏஷன்' என்று முடிகிற சொற்களில் அந்த வாலுக்கு மேல் மட்டும் ஒரு முறை எழுதிக்கொண்டால் போதும். ஃபில்ட்ரேஷனும் செடிமென்டேஷனும் டிகேன்டேஷனும் அதே வாலோடு வருகின்றன. ந போன்றவர்களுக்கு இது நன்றாக வேலை செய்தது. கூடவே காலையில் வழிபாட்டுக் கூட்டத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் எழுத்து-ஒலிப் பயிற்சி. ஆறாம் வகுப்பில் இது கௌரவக் குறைவு என்று நினைக்காத பிள்ளைகள் சீக்கிரம் தேறினார்கள்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பது இன்னொரு மாற்றம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக நீட்டினாலே விடைகள் நீளமாகின்றன என்று கண்டார். அந்தப் பிள்ளைகள் கேட்ட மொழியிலேயே யோசிக்கிறவர்கள். நம் பிள்ளை கேள்வியை வீட்டு மொழிக்குக் கொண்டுபோய், விடை தேடி, திரும்ப ஆங்கிலத்துக்கு வர வேண்டும். மூன்று நொடி எந்த மூலைக்கு? ஆசிரியை மனசுக்குள் பத்து வரை எண்ணினார். முதலில் அவருக்கே அது தாங்கவில்லை. "வாய் நமநமன்னுது சார்" என்றார். பிறகு பக்கத்துப் பிள்ளையோடு ஒரு நிமிடம் பேசிவிட்டுச் சொல்லச் சொன்னார். ஷ வாயைத் திறந்தது இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான். முதலில் தோழியின் காதில் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அப்புறம்தான் எழுந்து நிற்பாள்.

காட்பாடிக்குப் போகும் ரயில்

ஆங்கில ஆசிரியர் இதிலெல்லாம் ஒதுங்கியே இருந்தார். போர்ஷன் முடிக்க வேண்டும் என்ற அழுத்தம் அவருக்கு உண்மையிலேயே இருந்தது. அவரிடம் நான் பெங்களூரையும் சென்னையையும் பற்றிச் சொன்னேன். ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வாளர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, யோசித்தால்தான் விடை வரும் வேலைகளை ஆங்கிலத்தில் செய்ய வைத்தார். பிள்ளையின் கவனம் மொழியில் இல்லாமல் வேலையில் இருக்கும்போது மொழி உள்ளே போகிறது என்பது அவர் வாதம். உலகம் முழுக்க இன்று பணிவழிக் கற்பித்தல் என்று பேசுகிறார்கள். அதன் முக்கியமான ஊற்று ஒன்று நம் பக்கத்து அரசுப் பள்ளி மாதிரியான வகுப்பறைகளில் இருக்கிறது. நம் பயிற்சிகளில் அந்தப் பெயர் வருவதேயில்லை.

பயிற்சி என்றதும் இன்னொன்று. 1960 வாக்கில் மதராஸ் மாநிலத்தில் தொடக்க நிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுக்க முயன்றார்கள். ஒருவர் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருகுவதால் அதற்குப் பனிப்பந்து என்று பெயர். இன்றும் மாநிலத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து வட்டாரம் என்று பந்து உருண்டுதான் வருகிறது. வேலூர் வெயிலில் அது வகுப்பறைக்கு வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சும் என்பது அந்தப் பந்தை உருட்டுகிற எனக்கு நன்றாகத் தெரியும்.

சரி, ரயிலுக்கு வருவோம். ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி, வாலாஜா ரோடு, அரக்கோணம், சென்னை என்று ஓர் அட்டவணை தயாரித்தோம். ஜோடியில் ஒருவரிடம் புறப்படும் நேரம், மற்றவரிடம் போய்ச் சேரும் நேரம். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். அத்தை காலை பத்து மணிக்குள் சென்னையில் இருக்க வேண்டும், எந்த ரயில் ஏறுவது? சூட்சுமம் என்னவென்றால், வசதியான நேரத்துக்குப் போகிற ரயில் குடியாத்தத்தில் நிற்காது.

க எழுந்து அட்டவணை முழுவதையும் கணீரென்று வாசித்தான். அத்தை எந்த ரயிலில் போவது என்று கேட்டதும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான். ஆங்கில ஆசிரியர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நாளாக வகுப்பிலேயே சிறந்தவன் என்று அவர் நினைத்திருந்த பையன். பின்வரிசையிலிருந்து ந சொன்னாள்: "சார், கோ காட்பாடி. பஸ். ஹியர் நோ ஸ்டாப்." இலக்கணம் எங்கே என்று கேட்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்கு விடை அதில் இருக்கிறது, காரணத்தோடு இருக்கிறது. அந்த வாரம் ஆசிரியரே அடுத்த தாளைத் தயாரித்து வந்தார், பேருந்து நிலையத்தை வைத்து.

க-வுக்குத் தனியாக வேறு வேலை தேவைப்பட்டது. ஒரு பத்தி படித்தால் புத்தகத்தை மூடிவிட்டுப் படம் வரைய வேண்டும், அல்லது தமிழில் இரண்டு வரி சொல்ல வேண்டும். அவனுக்கு இது பிடிக்கவேயில்லை. நன்றாக வாசிக்கிறவன் என்ற பட்டத்தோடு இருந்தவனைத் தடுமாறுகிறவர்கள் வரிசையில் நிற்க வைத்தது போல ஆகிவிட்டது.

பெற்றோர் கேட்ட கேள்வி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மா ஒருவர் எழுந்தார். "இங்கிலீஷ் மீடியம்னுதான சேத்தோம்? பசங்க தெலுங்குலயும் தமிழ்லயும் பேசிகினு கீறாங்கன்னு சொல்றாங்க. அதுக்கு வூட்லயே வெச்சிகினு இருந்திருப்போமே!" கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். கேள்வி நியாயமானது. அவர்களுக்கு ஆங்கிலம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதில் கேட்க வேண்டும்.

தலைமையாசிரியர் கொள்கை விளக்கம் ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. அறிவியல் ஆசிரியை பிள்ளைகளின் குறிப்பேடுகளை எடுத்து வந்து, ஒவ்வொரு பெற்றோரிடமும் அவரவர் பிள்ளையினுடையதையே கொடுத்தார். ஒரு பக்கத்தில் அடைப்பிலிருந்து பார்த்து எழுதிய அழகான விடை. இன்னொரு பக்கத்தில் பிழைகளோடு பிள்ளை தானே எழுதிய மூன்று வரி. "அக்கா, இது புக்குல இருக்கிறது. இது உங்க பொண்ணு எழுதினது. இத அவளையே படிச்சு அர்த்தம் சொல்லச் சொல்லுங்க." எல்லாரும் சமாதானமானார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு தகப்பனார் பிழைகளைக் காட்டி, "இத ஏன் சார் திருத்தல?" என்று என்னைக் கேட்டார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு விடையை மட்டும் முழுசாகத் திருத்தி, பிள்ளை அதைத் திருப்பி எழுதும்படி செய்தோம். அது பெற்றோரால் வந்த நல்ல திருத்தம்.

சரிப்படாதவை

தெலுங்கு நன்றாகத் தெரிந்த ஒரு பையனைக் குழுவில் மொழிபெயர்ப்பாளராக வைத்தோம். சில வாரங்களில் அவனோடு இருந்த இருவர் தாங்களாக யோசிப்பதையே விட்டுவிட்டார்கள். எது கேட்டாலும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் அம்மாவும் வந்து, "எம்புள்ள இன்னா டியூஷன் வாத்தியாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மொழிபெயர்ப்பதை எல்லாரும் முறை வைத்துச் செய்வது என்று மாற்றினோம். உருதுப் பிள்ளைகளுக்கு அந்த வசதியும் குறைவு. ஆசிரியர்களில் உருது தெரிந்தவர் யாரும் இல்லை. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பாடமா வம்பா என்று கண்டுபிடிக்க வழியில்லாமல், நம்பித்தான் விட வேண்டியிருந்தது.

சொல்-படச் சுவரொட்டிகள் அழகாக இருந்தன, யாரும் பார்க்கவில்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. தேர்வுக் கேள்வியில் வரும் ஏவல் சொற்களுக்கான பட்டியல்: டிஃபைன், ஸ்டேட், கிவ் ரீசன், டிஃபரன்ஷியேட். ஒவ்வொன்றுக்கும் என்ன எழுத வேண்டும் என்று ஒரு மாதிரி. காரணம் கேட்டால் 'பிகாஸ்', வேறுபாடு கேட்டால் நடுவில் கோடு. இது ஆங்கிலம் கற்பித்தல் இல்லை, தேர்வைச் சமாளிப்பது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் கேள்வியையே திருப்பி எழுதும் பழக்கம் பெரும்பாலும் நின்றது இந்தப் பட்டியலுக்குப் பிறகுதான். கேள்வி தன்னிடம் என்ன கேட்கிறது என்பதே தெரியாத பிள்ளை வேறு எதைத்தான் எழுதும்?

ஆண்டு முடிவில்

ந இரண்டாம் பருவத் தேர்வில் எல்லாக் கேள்விகளையும் தொட்டிருந்தாள். எழுத்துப் பிழை நிறைய. மதிப்பெண் உயர்ந்தது, பெருமை பேசும் அளவுக்கு இல்லை. ஷ-வின் ஒற்றைச் சொற்கள் வாக்கியமாகியிருந்தன. வாய்விட்டுப் பேசுவது மட்டும் அறிவியல் வகுப்போடு நின்றுவிட்டது, கணக்கு வகுப்பில் அவள் பழைய ஷ. க-வின் மதிப்பெண் சற்றுக் குறைந்தது. அடைப்பிலிருந்து எழுதுவதை விட்டுவிட்டுத் தானாக எழுத முயன்றதால் குறைந்தது என்று அவன் வீட்டில் புரியவைக்க ஆசிரியை இருமுறை போக வேண்டியிருந்தது.

அறிவியல் ஆசிரியை எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தவில்லை. மின்சாரம், வெப்பம் மாதிரி மேசைமேல் வைத்துக் காட்டக்கூடிய பாடங்களில் மட்டும். மற்றவற்றில் பழையபடி அடைப்புதான். அவருக்கு இருந்த நேரத்தில் அது தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

தீராமல் நின்றது மதிப்பெண் விவகாரம். ஆண்டு இறுதியில் ஒரு மாணவன் காரணத்தைத் தமிழில் எழுதி, பிரித்தெடுக்கும் முறையின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அறிவியல் முழுக்கச் சரி. ஆசிரியை பாதி மதிப்பெண் போட்டார். ஆங்கிலவழித் தாளில் தமிழுக்கு மதிப்பெண் போட்டால் மேலிருந்து யாராவது தாளைப் பார்க்கும்போது என்ன பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் கேட்டார். அவர் கேள்வியும் சரி. இரண்டு மணி நேரம் பேசியும் முடியவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு: பருவம் நடக்கும்போதே வகுப்பில் போடும் 40 மதிப்பெண்ணுக்கான வளரறி மதிப்பீட்டில் எந்த மொழியில் விளக்கினாலும் மதிப்பெண் உண்டு, பருவ முடிவில் 60க்கு நடக்கும் தொகுத்தறித் தேர்வில் ஆங்கிலம் மட்டும். அந்த மாணவனின் பாதி மதிப்பெண் அடிக்கப்பட்டது. அடுத்த ஜூனில் புதிதாக வரும் ஆறாம் வகுப்புக்கு முதல் இரண்டு வாரம் புத்தகம் திறப்பதில்லை, எழுத்து-ஒலியும் ஏவல் சொற்களும்தான் என்று தலைமையாசிரியர் நேர அட்டவணையில் எழுதி ஒட்டினார். ஒன்றியப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையை மே மாதத்துக்குள் பார்த்துப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது.